ஒரே உருக்கு, ஒரே கலவை, 65 மெகாபாஸ்கல் வேறுபாடு: நியோபிய வீழ்படிவு குறித்து ஒரு கேள்வி

பதிவிட்டவர்: ஆய்வகமேசை

அனைவருக்கும் வணக்கம். வெப்ப உருட்டாலை ஒன்றின் தர ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அண்மையில் சோதனைக்கு வந்த இரண்டு காயில்கள் (சுருளாகச் சுற்றிய எஃகுத் தகடுகள்) எனக்குள் எழுப்பிய கேள்வியை இங்கே முன்வைக்கிறேன்.

இரண்டும் ஒரே உருக்கிலிருந்து வார்த்த ஸ்லாப்களில் (தடித்த எஃகுப் பாளங்களில்) இருந்து வந்தவை. கலவையில் 0.08% கரிமம், 1.2% மாங்கனீசு, 0.04% நியோபியம், 0.005% நைட்ரஜன் உள்ளன. டைட்டானியமும் வனேடியமும் சேர்க்கப்படவில்லை. இரண்டுமே 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு உருட்டப்பட்டன. ஆயினும் முதல் காயிலின் ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 468 மெகாபாஸ்கலாகவும் இரண்டாவதன் வலிமை 403 மெகாபாஸ்கலாகவும் இருந்தன. மாதிரியை வெட்டியதில் பிழை இருக்குமோ என்று ஐயுற்று மறுபடியும் இழுவிசைச் சோதனை செய்தேன். ஓரிரு மெகாபாஸ்கல் தவிர வேறு மாற்றமில்லை.

ஆலைப் பதிவேட்டைப் பார்த்தபோது இரண்டு இடங்களில் வேறுபாடு தெரிந்தது. முதல் ஸ்லாப் மறுசூடேற்று உலையில் 1220 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கிறது. இரண்டாவது வந்த நேரத்தில் பர்னர் பழுதாக இருந்ததால் அது 1100 டிகிரியிலேயே வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது. உருட்டி முடித்த வெப்பநிலை இரண்டிலும் ஏறத்தாழ 870 டிகிரிதான். ஆனால் முதலாவது 620 டிகிரியிலும், நீர்த்தெளிப்புக் குழாய் வரிசைகளில் ஒன்று அடைத்துக்கொண்டதால் இரண்டாவது 700 டிகிரியிலும் காயிலாகச் சுற்றப்பட்டுள்ளன.

ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் முதலாவதில் ஃபெரைட் (அறை வெப்பநிலையில் இரும்பின் படிக வடிவம்) மணிகளின், அதாவது படிகத் துணுக்குகளின், சராசரி அளவு 5 மைக்ரோமீட்டர், இரண்டாவதில் 6.5 மைக்ரோமீட்டர். வீழ்படிவு, அதாவது எஃகுக்குள் பிரிந்து நிற்கும் துகள், என்று சுட்டிக்காட்டும்படி எதுவும் இரண்டிலுமே கண்ணில் படவில்லை. நூறு கிலோ எஃகில் வெறும் 40 கிராம் இருக்கும் ஒரு தனிமம், அதுவும் அளவில் மாறாமல் இருக்கும்போது, வெப்பநிலை மாறியதால் மட்டும் இவ்வளவு வேறுபாட்டை எப்படி உண்டாக்குகிறது? இதில் மணியின் அளவுக்கு எவ்வளவு பங்கு, வீழ்படிவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலுமா?

பதிவிட்டவர்: பழைய உருட்டாலை

வணக்கம் நண்பரே. தேவையான விவரங்களை எல்லாம் தந்து கேட்டிருக்கிறீர்கள். ஆகவே கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது.

முதலில் மணியின் அளவை எடுத்துக்கொள்வோம். ஹால் 1951-லும் பெட்ச் 1953-லும் காட்டிய தொடர்பின்படி, ஈல்டு வலிமையில் மணியெல்லைகளின் பங்கு, மணியின் விட்டத்தினுடைய வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. தாழ்கரிம எஃகுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மாறிலியான 17.4-ஐ, விட்டத்தை மில்லிமீட்டரில் வைத்துப் பயன்படுத்தினால், 5 மைக்ரோமீட்டர் மணிக்கு ஏறத்தாழ 246 மெகாபாஸ்கலும் 6.5 மைக்ரோமீட்டர் மணிக்கு 216 மெகாபாஸ்கலும் வருகின்றன. வேறுபாடு 30. நீங்கள் கண்ட 65-இல் மீதமுள்ள 35 மெகாபாஸ்கலுக்கு வீழ்படிவிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும். அந்த 30-க்குக் காரணமும் பெரும்பாலும் நியோபியமே என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உலைக்குப் போவோம். ஸ்லாப் குளிர்ந்து உலைக்கு வரும்போது அதிலுள்ள நியோபியத்தின் பெரும்பகுதி கார்போநைட்ரைடாக (கரிமத்தோடும் நைட்ரஜனோடும் சேர்ந்த சேர்மமாக), பருத்த துகள்களாகப் பிரிந்து கிடக்கிறது. இந்தத் துகள்கள் எஃகுக்கு வலிமை தருவதில்லை. அவற்றை ஆஸ்டினைட்டில் (உயர் வெப்பநிலையில் இரும்பு கொள்ளும் படிக வடிவில்) கரைத்து, பிறகு நமக்கு வேண்டிய வெப்பநிலையில், வேண்டிய அளவில் மறுபடி பிரியச் செய்வதே நுண்கலப்பு எஃகின் (இத்தகைய தனிமங்களை மிகச் சிறிதளவு சேர்த்த எஃகின்) தொழில்நுட்பம் முழுவதும். எவ்வளவு கரையும் என்பதைக் கரைதிறன் பெருக்கம் சொல்கிறது. இர்வின், பிக்கரிங், கிளாட்மன் ஆகியோர் 1967-இல் தந்த சமன்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது: நியோபியத்தின் எடை விழுக்காட்டை, கரிமத்தோடு நைட்ரஜனில் 12/14 பங்கைக் கூட்டி வரும் விழுக்காட்டால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணின் மடக்கை, 2.26-இலிருந்து 6770-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து வருவதைக் கழித்தால் கிடைப்பதற்குச் சமம்.

உங்கள் கலவையை இதில் இட்டுப் பார்த்தேன். நியோபியம் முழுவதும் கரைய ஏறத்தாழ 1158 டிகிரி செல்சியஸ் தேவைப்படுகிறது. முதல் ஸ்லாப் 1220 டிகிரியைத் தொட்டதால் 0.04 விழுக்காடும் கரைசலுக்குள் வந்திருக்கும். 1100 டிகிரியிலோ சமநிலையில்கூட 0.026% மட்டுமே கரையும், மீதி 0.014%, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், உலைக்குள் எப்படி நுழைந்ததோ அப்படியே வெளியே வந்திருக்கிறது. அந்தப் பங்கு உருட்டும்போதும் உதவியிருக்காது, காயிலிலும் உதவியிருக்காது. ஆய்வகப் பகுப்பாய்வில் 0.04% என்றுதான் தெரியும். உழைக்கும் நியோபியம் அவ்வளவு இல்லை.

அடுத்து உருட்டும் கட்டம். 1000 டிகிரிக்குக் கீழே, குறிப்பாக 900 டிகிரியை ஒட்டி, ஆஸ்டினைட்டில் நியோபியத்தின் கரைதிறன் மிகவும் சுருங்கிவிடுகிறது. அதே சமன்பாடு 900 டிகிரியில் 0.004 விழுக்காட்டிற்கும் குறைவாகவே காட்டுகிறது. அப்படியிருந்தும் அமைதியாக இருக்கும் ஆஸ்டினைட்டில் வீழ்படிவு விரைவில் தொடங்குவதில்லை. உருளைகள் நசுக்கும்போது உண்டாகும் டிஸ்லொக்கேஷன்கள், அதாவது படிக அடுக்கின் இடப்பிறழ்வுகள், கருவாதலுக்கு ஆயிரமாயிரம் இடங்களைத் தருவதால் சில நொடிகளிலேயே நுண்துகள்கள் தோன்றிவிடுகின்றன. இவை மீள்படிகமாதலை, அதாவது நசுங்கிய மணிகள் புது மணிகளாக மாறுவதை, தடுத்து நிறுத்துகின்றன. ஆஸ்டினைட் மணிகள் தோசைபோல் தட்டையாகி, உள்ளே திரிபுப் பட்டைகளோடு நிற்கும். பின்னர் ஃபெரைட் பிறக்கும்போது எண்ணற்ற இடங்களில் பிறந்து சிறு மணிகளாகிறது. உங்கள் முதல் காயிலின் 5 மைக்ரோமீட்டர் இப்படித்தான் கிடைத்தது. கரைந்த நியோபியம் குறைந்த இரண்டாவது காயிலில் இந்தத் தடுப்பும் தளர்ந்திருக்கும். சுற்றிய வெப்பநிலை உயர்ந்திருந்ததும் ஃபெரைட் மணி பெரிதாக ஓரளவு காரணமாகியிருக்கும்.

மூன்றாவது கட்டம்தான் நீங்கள் கேட்ட 35 மெகாபாஸ்கல். ஆஸ்டினைட்டில் பிரியாமல் எஞ்சிய நியோபியம், ஃபெரைட்டாக மாறும்போதும் காயில் மெதுவாக ஆறும்போதும் கார்பைடாகப் பிரிகிறது. இடப்பிறழ்வு ஒன்று சறுக்கி வரும்போது வழியில் கடினமான துகள் இருந்தால் அதை வெட்டிச் செல்ல முடியாமல், இரு துகள்களுக்கு நடுவே வில்லாக வளைந்து, துகளைச் சுற்றி ஒரு வளையத்தை விட்டுவிட்டுத்தான் மறுபுறம் போக முடியும். ஓரோவான் விளக்கிய இந்தப் பொறிமுறையில் துகள்களின் இடைவெளி எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு விசை தேவைப்படுகிறது. எல்லா நியோபியமும் கார்பைடானால் அதன் பருமப் பின்னம் சுமார் 0.00045 மட்டுமே. ஆஷ்பி–ஓரோவான் சமன்பாட்டில் இட்டால், அந்தப் பின்னம் 5 நானோமீட்டர் துகள்களாக இருக்கும்போது 96 மெகாபாஸ்கல் கிடைக்கிறது. 20 நானோமீட்டரானால் 40. 100 நானோமீட்டரானால் 12 மெகாபாஸ்கலைக்கூடத் தொடுவதில்லை.

துகள்களை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 5 நானோமீட்டர் துகள்களாகப் பிரிந்தால் ஒரு கன மைக்ரோமீட்டருக்குள் ஏறத்தாழ ஏழாயிரம் துகள்கள் நிற்கின்றன. 100 நானோமீட்டரானால் ஒன்றுகூட முழுதாகத் தேறாது. நூறு கிலோவில் 40 கிராம் என்பது இடப்பிறழ்வுக்குச் சிறிய அளவே இல்லை.

620 டிகிரியில் மீதெவிட்டல் (கரைதிறனுக்கு மேல் கரைந்திருக்கும் நிலை) மிகுதி, ஆகவே கருக்கள் ஏராளம். நியோபிய அணுக்கள் மெதுவாக நகர்வதால் துகள்கள் பருக்க வழியில்லை. 700 டிகிரியில் கருக்கள் குறைவு, அணுக்களின் விரவல் வேகம் மிகுதி, காயில் ஆறப் பல மணிநேரம். ஆகவே சிறு துகள்கள் கரைந்து பெரியவை வளர்கின்றன. இதை வைத்து 500 டிகிரியில் சுற்றினால் இன்னும் நல்லதென்று நினைத்துவிட வேண்டாம். அங்கே நியோபிய அணுக்கள் நகரவே மாட்டாமல் திண்மக் கரைசலிலேயே தங்கிவிடும். நிலைமாற்றத்தால் வேறு வலிமை கிடைக்கலாம், வீழ்படிவால் கிடைக்காது.

பதிவிட்டவர்: மெல்லியபடலம்

மேலே உள்ள விளக்கத்தோடு ஒத்துப்போகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பணியாற்றுபவள் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒளி நுண்ணோக்கியில் எதுவும் தெரியாததில் வியப்பில்லை. அதன் பகுதிறன் எல்லையே சுமார் 200 நானோமீட்டர். வலிமை தரும் துகளோ அதில் நாற்பதில் ஒரு பங்கு. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மெல்லிய படலத்தையோ கரிமப் பிரதியையோ (துகள்களைப் பறித்தெடுத்த கரிமப் படலத்தையோ) வைத்துத்தான் பார்க்க வேண்டும். கரிமப் பிரதியில் மிகச் சிறிய துகள்கள் சில சமயம் நழுவிவிடுவதால், அதை மட்டும் பார்த்துவிட்டு நுண்துகள் இல்லை என்று முடிவுகட்டுவது சரியாகாது. துகள்களை மின்னாற்பகுப்பு முறையில் பிரித்து வடிகட்டி நியோபியத்தை அளப்பவர்களும் இதே இடத்தில் ஏமாறுவதுண்டு: வடிதாளின் துளையைவிடச் சிறிய துகள் கரைசலோடு போய்விடும், அது கரைந்திருந்த நியோபியம் என்று தவறாகக் கணக்கில் ஏறிவிடும்.

படலத்தில் பார்க்கும்போது துகளின் அளவைவிட அதன் படிகத் திசையமைவு அதிகம் பேசும். ஃபெரைட்டுக்குள் பிறந்த நியோபியம் கார்பைடு, பேக்கரும் நட்டிங்கும் 1959-இல் விவரித்த திசையமைவோடு இருக்கும். அதாவது கார்பைடின் கனசதுர முகம் ஃபெரைட்டின் கனசதுர முகத்தோடு இணையாகவும், அந்த முகத்திற்குள் 45 டிகிரி திரும்பியும் அமையும். ஃபெரைட்டின் அணிக்கோவை அளவு (அணுக்கள் அடுங்கும் அலகுக் கனசதுரத்தின் பக்கம்) 0.2866 நானோமீட்டர். அதன் முகமூலைவிட்டம் 0.405, நியோபியம் கார்பைடின் அளவு 0.447. ஆகவே அந்தத் தளத்தில் பொருத்தமின்மை சுமார் 10 விழுக்காடு; செங்குத்துத் திசையிலோ அது 50 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. பொருந்தும் தளத்தில் விரிந்து, பொருந்தாத திசையில் வளராமல் நிற்பதால்தான் இந்தத் துகள்கள் மெல்லிய தட்டுகளாகத் தெரிகின்றன. ஆஸ்டினைட்டில் பிறந்த துகளோ ஆஸ்டினைட்டின் அச்சுகளுக்கு இணையாகப் பிறந்தது. ஆஸ்டினைட் ஃபெரைட்டாக மாறிய பிறகு அந்த இணைவு இருக்காது. எனவே ஒரு துகள் உருட்டும்போது பிறந்ததா, காயிலில் பிறந்ததா என்பதை விளிம்பு விளைவுப் படத்திலிருந்தே சொல்லிவிடலாம். உங்கள் இரு மாதிரிகளையும் இப்படிப் பார்த்தால் பழைய உருட்டாலை அவர்களின் கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது நேரடியாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு வடிவமும் உண்டு. ஆஸ்டினைட்–ஃபெரைட் எல்லை நகரும்போது அந்த எல்லையிலேயே துகள்கள் பிறந்து, எல்லை படிப்படியாக முன்னேறும்போது விட்டுச்சென்ற தாள்களைப்போல் வரிசை வரிசையாக நிற்கும். கேம்பிரிட்ஜில் ஹனிகோம்பும் அவருடைய மாணவர்களும் 1960-களின் இறுதியிலிருந்து விரிவாக ஆராய்ந்த இந்த இடைமுக வீழ்படிவை முதன்முறை படலத்தில் பார்த்தபோது, உழுத வயலின் சால்களை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. நிலைமாற்றம் நடக்கும் வெப்பநிலை குறையக் குறைய வரிசைகள் நெருங்குகின்றன, துகள்களும் சிறுத்துவிடுகின்றன. படலத்தைச் சாய்த்துச் சரியான கோணத்தில் பார்க்காவிட்டால் வரிசையே தெரியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பதிவிட்டவர்: ஆய்வகமேசை

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கன மைக்ரோமீட்டருக்கு ஏழாயிரம் துகள்கள் என்ற கணக்கு, எனக்கு இத்தனை நாள் புரியாதிருந்ததைப் புரியவைத்துவிட்டது.

இதையொட்டி மூன்று ஐயங்கள். எங்கள் ஆலையில் நியோபியத்தை 0.06 விழுக்காடாக உயர்த்திவிட்டால் இத்தகைய குறைகளைச் சமாளிக்கலாம் என்ற கருத்து பேசப்படுகிறது, அது சரியா? 403 மெகாபாஸ்கல் காயிலை 600 டிகிரியில் மறுபடி சூடேற்றி வலிமையை மீட்க முடியுமா? நியோபியத்திற்குப் பதிலாக டைட்டானியமோ வனேடியமோ சேர்த்தால் உலை வெப்பநிலையைச் சார்ந்திருப்பது குறையுமா?

பதிவிட்டவர்: பழைய உருட்டாலை

முதல் ஐயத்திற்கு என் விடை: கூடவே கூடாது. 0.06% நியோபியத்தைக் கரைக்க இதே கரிம அளவில் ஏறத்தாழ 1213 டிகிரி வேண்டும். உலை 1100 டிகிரியில் நின்றால் கரைவது அப்போதும் அதே 0.026 விழுக்காடுதான்; கூடுதலாகப் போட்ட 0.02 விழுக்காடும் பருத்த துகளாகவே கிடக்கும். விலையுயர்ந்த ஃபெரோநியோபியத்தை வாங்கிப் பயனில்லாமல் எஃகுக்குள் புதைப்பதாகிவிடும். கரிமத்தைக் குறைத்தால் கரையும் வெப்பநிலை இறங்கும். இன்றைய குழாய்வழி எஃகுகளில் 0.04 விழுக்காட்டுக்குக் குறைவான கரிமத்தோடு 0.1% வரை நியோபியம் சேர்க்க முடிவது அதனால்தான்.

இரண்டாவது ஐயத்திற்கும் விடை சாதகமாக இல்லை. பருத்துவிட்ட துகள் 600 டிகிரியில் கரையாது. கரையாமல் சிறுக்கவும் செய்யாது. ஆனால் இதை ஒரு சோதனையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதே ஸ்லாபிலிருந்து மூன்று சிறு துண்டுகளை எடுத்து 1100, 1160, 1220 டிகிரிகளில் ஊறவைத்து நீரில் குளிர்வியுங்கள். பிறகு மூன்றையும் 600 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்துக் கடினத்தன்மையை அளந்து பாருங்கள். அதிகம் கரைந்த துண்டில் வீழ்படிவும் அதிகமாக இருக்குமாதலால் கடினத்தன்மை அதற்கேற்ப உயர்ந்து நிற்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத ஆய்வகத்திலும் இதைச் செய்ய முடியும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வீழ்படிவால் வரும் ஒவ்வொரு மெகாபாஸ்கலும், குளிரும்போது எஃகு நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலையைச் சுமார் கால் முதல் அரை டிகிரி வரை மேலே தள்ளுகிறது. மணியைச் சிறுக்க வைத்து வரும் வலிமையோ அந்த வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. 1958-இல் அமெரிக்காவின் கிரேட் லேக்ஸ் ஸ்டீல் நிறுவனம் நியோபியம் சேர்த்த தாழ்கரிம எஃகை வணிக அளவில் கொண்டுவந்த காலத்தில், உயர்ந்த வெப்பநிலையில் உருட்டி முடித்த தடித்த தகடுகளில் வலிமை இருந்தும் நொறுங்காமல் தாங்கும் திறன் குறைவாக இருந்தது; கட்டுப்படுத்திய உருட்டல் முறை அதற்குத் தீர்வாகப் பின்னர் வளர்ந்தது. ஆகவே அந்த 30-க்கும் 35-க்கும் ஒரே மதிப்பு இல்லை. 30 நமக்கு இரண்டு விதத்தில் நன்மை தருவது.

பதிவிட்டவர்: முறுக்குக்கம்பி

மூன்றாவது ஐயம் என் துறையைச் சார்ந்தது. கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலையில் வனேடியத்தோடு நெடுநாள் பழகியவன்.

டைட்டானியத்தையும் வனேடியத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். அவை இரு எல்லைகளில் நிற்பவை. 0.015% டைட்டானியமும் 0.004% நைட்ரஜனும் இருந்தால் அந்த நைட்ரைடு கரையவே 1480 டிகிரிக்கு மேல் வேண்டும், அதாவது எஃகு உருகும் எல்லையை ஒட்டிய வெப்பநிலை. எனவே எந்த மறுசூடேற்று உலையிலும் அது கரையாது. அது வலிமை தருவதற்காகச் சேர்ப்பதன்று. உலையிலும் பற்றவைப்பின் வெப்பம் தாக்கிய பகுதியிலும் ஆஸ்டினைட் மணி வளராமல் எல்லைகளைப் பிடித்துவைப்பதற்காகச் சேர்ப்பது. நைட்ரஜனைப்போல் 3.42 மடங்குக்கு மேல் டைட்டானியம் இருந்தால்தான் மிஞ்சியது கார்பைடாகி வலிமை தரும்.

வனேடியமோ எளிதில் கரைவது. உங்கள் கரிம அளவில் 0.08% வனேடியத்தின் கார்பைடு 800 டிகிரிக்குள்ளேயே கரைந்துவிடும், 0.008% நைட்ரஜன் இருந்தால் நைட்ரைடுக்கு 980 டிகிரி போதும். 1100 டிகிரி உலையிலும் முழுவதும் கரைசலில் இருக்கும், உருட்டும்போதும் பெரும்பாலும் செலவாகாது, ஃபெரைட்டில் போய் மொத்தமாக வேலை செய்யும். சீனாவில் 400 மெகாபாஸ்கல் தரக் கம்பிகளை வனேடியமும் நைட்ரஜனும் சேர்த்துப் பெருமளவில் செய்வது இதனால்தான். ஆனால் உருட்டும்போது மீள்படிகமாதலைத் தடுப்பதில் அது நியோபியத்திற்கு ஈடாகாது. உங்கள் 5 மைக்ரோமீட்டர் மணியை அது ஒன்று மட்டும் தந்துவிடாது.

வீழ்படிவையே முழுமையாக நம்பிச் செய்த எஃகுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு ஜப்பானின் ஜேஎஃப்இ நிறுவன ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டது. 0.04% கரிமம், 0.09% டைட்டானியம், 0.2% மாலிப்டினம், 780 மெகாபாஸ்கல் தரம். டைட்டானியம், மாலிப்டினம் அணுக்களைக் கூட்டினால் கரிம அணுக்களைவிடச் சற்று அதிகமாகவே வருவதால் கரிமம் முழுவதும் நுண்கார்பைடுக்குப் போய்விடுகிறது. பியர்லைட்டுக்கு (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்த கட்டமைப்புக்கு) எதுவும் மிஞ்சுவதில்லை. சுமார் 3 நானோமீட்டர் துகள்கள் வரிசையாக நிற்க, வீழ்படிவால் மட்டும் 300 மெகாபாஸ்கல் அளவுக்கு வலிமை கிடைத்தது. மாலிப்டினம் அங்கே துகள் பருப்பதை வெகுவாகத் தாமதப்படுத்துகிறது.

கார்பைடு இல்லாமலும் வீழ்படிவு சாத்தியம் என்பதற்குத் தாமிரம் சான்று. அமெரிக்கக் கடற்படை 1984-இல் ஏற்ற தாமிர எஃகில், தணித்த தகட்டை மறுபடி சூடேற்றும்போது தாமிரம் முதலில் ஃபெரைட்டின் அணிக்கோவையிலேயே இணக்கமான கொத்துகளாகத் திரண்டு, வளர்ந்த பிறகே தன் இயல்பான முகமைய வடிவை அடைகிறது. துகள் இரும்பைவிட மென்மையானது. ஆயினும் அதன் மீள்மைக் குணகம் குறைவு என்பதால் இடப்பிறழ்வு அதற்குள் நுழைந்தபின் வெளியேறச் சிரமப்படுகிறது. இதே கொத்துகள் அணுஉலைக் கலன்களின் எஃகில் நியூட்ரான் தாக்கத்தால் வேண்டாத இடத்தில் தோன்றி அதை நொறுங்கச் செய்கின்றன. அங்கே தாமிரத்தின் அளவைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துகிறார்கள்.

பதிவிட்டவர்: ஆய்வகமேசை

மிக்க நன்றி. கடினத்தன்மைச் சோதனைக்கு மூன்று துண்டுகள் வெட்டக் கொடுத்துவிட்டேன். நியோபியத்தை உயர்த்தும் கருத்தை எதிர்த்து, கரைதிறன் கணக்கை இணைத்துக் குறிப்பும் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: இழுவிசை மாதிரிகள் இரண்டையும் காயிலின் வெளிச்சுற்றிலிருந்தே எடுத்தேன்.

பதிவிட்டவர்: பழைய உருட்டாலை

அப்படியானால் உள்சுற்றிலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். வெளிச்சுற்று காற்றில் விரைவாக ஆறிவிடும். 620 டிகிரியில் சுற்றிய காயிலில் அங்கே வீழ்படிவு முற்றுப்பெறாமல் நின்றிருக்கக்கூடும். நடுப்பகுதி பல மணிநேரம் அதே சூட்டில் இருப்பதால் முதல் காயிலின் உண்மையான வலிமை 468-ஐவிட உயர்ந்திருக்க இடமுண்டு. 700 டிகிரிக் காயிலில் நிலைமை நேர்மாறாக இருக்கும்; உள்ளே துகள்கள் இன்னும் பருத்து, 403-க்கும் கீழே காட்டினாலும் வியப்பதற்கில்லை. அந்தக் காயிலை வாடிக்கையாளருக்கு அனுப்புவது பற்றி முடிவெடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.